நான்காம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய்: வாசகர் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

பெருங்குடலிலோ மலக்குடலிலோ தோன்றி வேறு உறுப்புகளுக்குப் பரவிவிட்ட புற்றுநோய் குறித்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன். ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, எழுதியவர்களின் அடையாளங்களை நீக்கியிருக்கிறேன். கடிதத்தில் உள்ள விவரங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவருக்கு இன்ன மருந்து என்று சொல்ல இயலாது. ஆனால் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும், அவர் சொல்வதன் காரணம் என்ன என்பதை விளக்க முடியும்.

கேள்வி: என் தந்தைக்கு 63 வயது. ஓராண்டாகவே களைப்பு, மூச்சு வாங்குதல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மலத்தில் ரத்தம் போனதே இல்லை. இப்போது கொலோனாஸ்கோபியில் வலப்பக்கப் பெருங்குடலில் கட்டி இருப்பதாகவும், ஸ்கேனில் கல்லீரலில் நான்கைந்து புள்ளிகள் தெரிவதாகவும் சொல்கிறார்கள். ‘நான்காம் நிலை’ என்ற சொல்லைக் கேட்டதும் உறவினர்கள் எல்லாம் முடிந்துவிட்டதைப் போலப் பேசுகிறார்கள். கல்லீரலிலும் தனியாக ஒரு புற்றுநோய் வந்துவிட்டதா? இனிச் செய்வதற்கு ஏதேனும் உண்டா?

பதில்: கல்லீரலில் இருப்பது தனிப் புற்றுநோய் அன்று. பெருங்குடலிலிருந்து திரும்பும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலைத்தான் சென்றடைகிறது. அந்த ரத்தத்தோடு போன குடல் புற்றுச் செல்கள் அங்கே தங்கி வளர்ந்திருக்கின்றன. ஆகவே அதற்கும் குடல் புற்றுநோய்க்கான மருந்துகள்தாம் தரப்படும். மலக்குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் ரத்தத்தில் ஒரு பங்கு கல்லீரலைத் தொடாமலே இதயத்துக்குப் போவதால், அங்கே தோன்றும் கட்டி சிலருக்கு நேரே நுரையீரலில் பரவுவதும் உண்டு.

மலத்தில் ரத்தம் தெரியாததற்குக் காரணம் கட்டி இருந்த இடம். வலப்பக்கப் பெருங்குடல் அகலமானது. அங்கே மலம் இன்னும் நீராகத்தான் இருக்கும். அடைப்பு எளிதில் ஏற்படாது; கட்டியிலிருந்து சிறுகச் சிறுகக் கசியும் ரத்தமும் மலத்தோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ரத்தசோகைதான் முதல் அடையாளமாக வெளிப்படும். இடப்பக்கக் கட்டி என்றால் மலம் கழிக்கும் வழக்கம் மாறுவது, அடைப்பு, வெளிப்படையான ரத்தப்போக்கு ஆகியவையும், மலக்குடல் கட்டி என்றால் மலம் கழித்த பிறகும் இன்னும் வர வேண்டியது இருப்பது போன்ற உணர்வும் தோன்றும். ஓர் ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற ஒரு பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை ஏற்பட்டால், ரத்தம் எங்கே போகிறது என்று உணவுக்குழாய் முதல் மலக்குடல் வரை தேடிப் பார்க்காமல் மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்புவது சரியான மருத்துவம் ஆகாது. இதை நான் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன், ஏனெனில் இந்த ஒரு காரணத்தாலேயே பல மாதங்கள் வீணாவதைத் தொடர்ந்து பார்க்கிறேன்.

இனி, நான்காம் நிலை என்பது பற்றி. பெருங்குடல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுபவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அப்போதே வேறு உறுப்பில் பரவியிருக்கிறது. இவர்கள் அனைவரையும் ஒரே எண்ணால் குறிப்பிட்டாலும் இவர்களின் நோய் ஒன்று போல இருப்பதில்லை. கல்லீரலில் மட்டும் சில புள்ளிகள் இருந்து அவற்றை முழுவதும் வெட்டி எடுக்க முடிந்தவர்களில் ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருப்பவர்கள் நூற்றுக்கு நாற்பது பேர் அளவில் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு நோய் திரும்பி வருவதே இல்லை. பரவிய நிலையில் உள்ள எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டால் இந்த எண் நூற்றுக்குப் பதினைந்து அளவுக்கு இறங்கிவிடும். தங்கள் தந்தை எந்தப் பிரிவில் வருகிறார் என்பது இரண்டு கேள்விகளைப் பொறுத்தது: கண்ணுக்குத் தெரியும் எல்லாக் கட்டிகளையும் இப்போதோ, மருந்தால் சுருங்கிய பிறகோ அகற்ற முடியுமா என்பது ஒன்று, அந்தக் கட்டியின் மரபணுக்களில் என்ன மாற்றம் இருக்கிறது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கான விடையைக் கல்லீரல் அறுவைச் சிகிச்சையில் தேர்ந்த ஒருவர் ஸ்கேன் படங்களைத் தாமே பார்த்துச் சொல்ல வேண்டும். அறிக்கையில் ‘பல புள்ளிகள்’ என்று எழுதியிருப்பதை மட்டும் படித்துவிட்டு ‘அறுவைக்கு வாய்ப்பில்லை’ என்று யாரேனும் முடிவு சொன்னால், அதை ஏற்பதற்கு முன் இன்னொரு கருத்தையும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: முதலில் பெட் ஸ்கேன் எடுத்தோம். இப்போது வேறு மருத்துவர் சி.டி. ஸ்கேனும் கல்லீரலுக்கு எம்.ஆர்.ஐ.யும் வேண்டும் என்கிறார். ஒரே உடம்பை இத்தனை முறை படம் எடுக்க வேண்டுமா? கல்லீரலில் ஊசி குத்திப் பயாப்சி எடுத்தால் நோய் பரவிவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: இந்த மூன்று படங்களும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. மார்பு, வயிறு, இடுப்பு ஆகியவற்றை மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன்தான் அடிப்படை. கல்லீரலில் உள்ள ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான புள்ளிகளைக் காட்டுவதில் எம்.ஆர்.ஐ. அதைவிடச் சிறந்தது, ஆகவே கல்லீரலில் அறுவை செய்யும் எண்ணம் இருந்தால் அது தேவை. மலக்குடல் கட்டி சுற்றியுள்ள கொழுப்புத் திசுவை எவ்வளவு தூரம் ஊடுருவியிருக்கிறது என்று காட்டுவதும் இடுப்பு எம்.ஆர்.ஐ.தான். பெட் ஸ்கேன் பெரிய அறுவைக்கு முன் வேறெங்கும் மறைந்திருக்கிறதா என்று பார்க்கவும், ரத்தத்தில் சி.இ.ஏ. (பல குடல் புற்றுநோய்கள் சுரக்கும் ஒரு புரதம்) அளவு ஏறியும் சி.டி.யில் ஒன்றும் தெரியாதபோதும் உதவும். ஆனால் சளி போன்ற பொருளை அதிகமாகச் சுரக்கும் கட்டிகள் அதில் ஒளிராமல் போகலாம். கீமோ தொடங்கிய பிறகு எடுத்தால் உயிருள்ள கட்டியும் மங்கித் தெரியலாம். வயிற்று உறையில் தூவிவிட்டாற்போல் பரவியிருக்கும் நுண்ணிய புள்ளிகளை எந்த ஸ்கேனும் முழுமையாகக் காட்டுவதில்லை. அந்தச் சந்தேகம் வலுவாக இருந்தால் சிறு துளை வழியே செலுத்தும் லேப்ராஸ்கோப் என்ற கேமராக் கருவியால் வயிற்றுக்குள் நேரே பார்ப்பதுதான் வழி.

ஊசிப் பயாப்சி பற்றிய அச்சத்தில் ஒரு சிறு உண்மை இருக்கிறது; அதை ஊர்ப் பேச்சு பெரிதாக்கிவிட்டது. கொலோனாஸ்கோபியின்போது குடல் கட்டியிலிருந்து திசு எடுப்பதால் நோய் பரவுவதில்லை. அது இல்லாமல் சிகிச்சையைத் தொடங்கவும் கூடாது. கல்லீரல் புள்ளியைப் பொறுத்தவரை ஊசி சென்ற பாதையில் புற்றுச் செல்கள் தங்குவது அரிதாக நடப்பதுண்டு. ஆகவே வெட்டி எடுக்கக்கூடிய நிலையில் உள்ள, படத்தில் ஐயமில்லாமல் தெரியும் கல்லீரல் கட்டியை ஊசியால் குத்துவதை அறுவைச் சிகிச்சையாளர்கள் தவிர்ப்பார்கள். அறுவைக்கு வாய்ப்பில்லாதவருக்கோ, படம் ஐயத்துக்கு இடம் தருபவருக்கோ பயாப்சி தயங்காமல் செய்யலாம்.

கொலோனாஸ்கோபி முழுமையாக முடிந்ததா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டி வழியை அடைத்திருந்தால் கருவி அதைத் தாண்டிப் போயிருக்காது. அப்பால் இரண்டாவது கட்டி ஒன்று சிலருக்கு இருக்கக்கூடும்.

கேள்வி: சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை சரியான அளவில் இருக்கிறது. அப்படியானால் புற்றுநோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. சில குடல் புற்றுநோய்கள் இந்தப் புரதத்தைச் சுரப்பதே இல்லை. மறுபக்கம், புகைபிடிப்பவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் புற்றுநோய் இல்லாமலே அது சற்று உயர்ந்திருக்கும். நோயைக் கண்டுபிடிப்பதற்கு இது உதவாது. தொடக்கத்தில் உயர்ந்திருந்தால் சிகிச்சையின் போக்கைக் கவனிக்க உதவும். அதிலும் கீமோ தொடங்கிய முதல் சில வாரங்களில் செல்கள் சிதைவதால் அளவு ஏறிப் பிறகு இறங்குவதுண்டு. ஒரே ஓர் எண்ணைப் பார்த்து மருந்தை மாற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

கேள்வி: என் அக்காவுக்குப் பயாப்சி முடிவு வந்துவிட்டது. ஆனாலும் மரபணுப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று இரண்டு வாரமாகக் கீமோவைத் தொடங்காமல் வைத்திருக்கிறார்கள். பரவிய நோயை வைத்துக்கொண்டு இப்படிக் காத்திருப்பது ஆபத்தில்லையா? அந்தப் பரிசோதனையில் அப்படி என்ன தெரிந்துவிடப் போகிறது?

பதில்: அக்காவின் குடல் அடைபடாமலும் கல்லீரலின் செயல் குன்றாமலும் இருந்தால் இரண்டு வாரக் காத்திருப்பால் கெடுதல் நேராது. பல ஆண்டுகளாக மெல்ல வளர்ந்த நோய் இது. அவசரம் இருந்தால் கீமோவை உடனே தொடங்கி, முடிவு வந்ததும் இரண்டாவது சுற்றிலிருந்து, கட்டியின் மரபணுவுக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கும் இலக்கு மருந்தைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் முடிவைப் பார்க்காமலே மாதக்கணக்கில் சிகிச்சை ஓடுவது எனக்கு உடன்பாடானதன்று. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

குடல் புற்றுச் செல்லின் மேற்பரப்பில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற ஏற்பி இருக்கிறது. அது வளர்ச்சிக்கான கட்டளையைப் பெற்றுச் செல்லுக்குள் அனுப்புகிறது. செட்டக்சிமாப், பானிட்டுமுமாப் என்ற மருந்துகள் இந்த ஏற்பியை அடைத்துவிடுகின்றன. ஆனால் அதற்குக் கீழே உள்ள ராஸ் என்ற புரதம், தன் மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால், மேலிருந்து கட்டளை வராமலே எந்நேரமும் இயங்கிக்கொண்டிருந்தால் ஏற்பியை அடைப்பதால் பயனில்லை. சில கூட்டு மருந்துகளோடு தரும்போது கெடுதலே நேர்ந்ததும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. கே-ராஸ், என்-ராஸ் ஆகிய மரபணுக்களில் இத்தகைய மாற்றம் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இருக்கிறது. மாற்றம் இல்லாதவர்களிலும் கட்டி பெருங்குடலின் இடப்பக்கத்திலோ மலக்குடலிலோ தோன்றியிருந்தால்தான் முதல் வரிசைச் சிகிச்சையில் இந்த மருந்துகளால் தெளிவான நன்மை கிடைக்கிறது. ஜப்பானில் நடந்த ‘பாரடைம்’ ஆய்வில், இடப்பக்கக் கட்டி உள்ளவர்களுக்குக் கீமோவோடு பானிட்டுமுமாப் தந்தபோது ஆயுளின் இடைநிலை அளவு (பாதிப் பேர் அதைவிடக் கூடுதலாக வாழ்ந்த காலம்) 37.9 மாதங்களாகவும், பெவசிசுமாப் தந்தபோது 34.3 மாதங்களாகவும் இருந்தது. வலப்பக்கக் கட்டி உள்ளவர்களுக்கும் ராஸ் மாற்றம் உள்ளவர்களுக்கும் கட்டிக்கு ரத்தக்குழாய்கள் முளைப்பதைத் தடுக்கும் பெவசிசுமாப்தான் பெரும்பாலும் கீமோவுக்குத் துணை மருந்து.

அடுத்து பிராஃப் மரபணு. அதில் வி600இ என்ற மாற்றம் இருந்தால் நோய் வேகமாக வளரும். நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பேரிடம் இது காணப்படுகிறது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை இவர்களுக்குச் சொல்லத்தக்க சிகிச்சை எதுவும் இருக்கவில்லை. இப்போது என்கொராஃபெனிப் என்ற மாத்திரையையும் செட்டக்சிமாபையும் கீமோவோடு முதலிலேயே சேர்த்துத் தந்த ‘பிரேக்வாட்டர்’ ஆய்வில் ஆயுளின் இடைநிலை அளவு 15.1 மாதத்திலிருந்து 30.3 மாதமாக, அதாவது இரு மடங்காக உயர்ந்திருக்கிறது. இந்த மாற்றம் இருப்பது தெரியாமல் வழக்கமான மருந்தை மட்டும் தருவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை இந்த எண்களே காட்டும்.

மூன்றாவது எம்.எம்.ஆர். எனப்படும் பழுதுநீக்கும் புரதங்கள். இதைப் பற்றிப் பின்னால் வரும் ஒரு கேள்வியில் எழுதியிருக்கிறேன். நான்காவது ஹெர்-2 என்ற இன்னோர் ஏற்பி. இது மிகுந்திருப்பவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான் என்றாலும், அவர்களுக்கென்று தனி மருந்துகள் உள்ளன.

இவற்றைத் தவிர, கட்டியில் பார்க்காமல் நோயாளியின் ரத்தத்தில் பார்க்க வேண்டிய ஒரு பரிசோதனையும் உண்டு. இந்த நோயின் கீமோவில் அடிப்படையாக இருக்கும் 5-ஃப்ளூரோயூராசிலையும் அதன் மாத்திரை வடிவமான கேப்சைட்டபினையும் உடம்பில் சிதைத்து வெளியேற்றுவது டி.பி.டி. என்ற நொதி. சிலருக்குப் பிறவியிலேயே இது குறைவாக இருக்கும். மிகச் சிலருக்கு அறவே இருக்காது. அவர்களுக்கு வழக்கமான அளவு மருந்தே உயிருக்கு ஆபத்தாக முடியலாம். ஐரோப்பிய மருந்து முகமை 2020 முதல் சிகிச்சைக்கு முன் இதைச் சோதிக்குமாறு பரிந்துரைத்துள்ளது. இதைக் கேட்டு வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

கேள்வி: கல்லீரல், நுரையீரல் இரண்டிலும் பரவியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மூல காரணமான குடல் கட்டியை முதலில் வெட்டி எடுக்காமல் கீமோவைத் தொடங்கச் சொல்கிறார்கள். வேரை விட்டுவிட்டுக் கிளையை வெட்டுவது போல் இல்லையா?

பதில்: இந்த ஒப்புமை மனத்துக்குப் பிடித்தாலும் உடலுக்குப் பொருந்தாது. பரவிய கட்டிகள் குடல் கட்டியை நம்பி வாழ்பவை அல்ல. அதை எடுத்துவிட்டாலும் அவை தாமாகவே வளரும். தொல்லை தராத குடல் கட்டியை, பரவியவற்றை அகற்ற முடியாத நிலையில், முதலில் எடுப்பதால் ஆயுள் கூடுகிறதா என்று ஜப்பானில் முறையாக ஆராய்ந்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். கூடவில்லை. பின்னர் ஐரோப்பாவில் நடந்த ஆய்வுகளும் அதையே கூறின. அறுவைக்குப் பிறகு காயம் ஆறும்வரை கீமோவைத் தள்ளிப்போட வேண்டும். சிக்கல் ஏதேனும் ஏற்பட்டால் இன்னும் தள்ளிப்போகும். அந்த வாரங்களில் கல்லீரலில் உள்ளது வளர்ந்துகொண்டே இருக்கும்.

அடைப்பு, நிற்காத ரத்தப்போக்கு, குடலில் ஓட்டை ஆகியவை ஏற்பட்டால் நிலைமை வேறு. அப்போது கட்டியை அகற்றுவதோ, வயிற்றில் மலத்துவாரம் அமைக்கும் ஸ்டோமா அறுவையோ, அடைப்பில் வழியைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைப்பதோ தேவைப்படும். ஸ்டென்ட் வைத்தவருக்குப் பெவசிசுமாப் தருவதால் குடலில் ஓட்டை விழும் ஆபத்து கூடுவதால், எந்த மருந்து திட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே ஸ்டென்ட் பற்றி முடிவெடுப்பார்கள். எல்லாக் கட்டிகளையும் அகற்ற முடியும் என்ற நிலையில் உள்ளவருக்குக் குடல் முதலிலா, கல்லீரல் முதலிலா, இரண்டும் ஒரே நேரத்திலா என்பது தனித்தனியாக முடிவு செய்ய வேண்டியது.

கேள்வி: எட்டுச் சுற்றுக் கீமோவுக்குப் பிறகு கல்லீரலில் இருந்த ஐந்து புள்ளிகளில் மூன்று ஸ்கேனில் தெரியவே இல்லை. அப்படியிருக்க அறுவை எதற்கு? இன்னும் நான்கு சுற்று கொடுத்தால் மீதமுள்ளவையும் மறைந்துவிடாதா?

பதில்: நோயாளிக்கு மகிழ்ச்சி தரும் இந்தச் செய்தியே அறுவைச் சிகிச்சையாளருக்குக் கவலை தருவது. படத்தில் மறைந்த புள்ளிகளில் பலவற்றில் உயிருள்ள செல்கள் இன்னும் இருக்கும். கீமோவை நிறுத்தியதும் அதே இடத்தில் அவை மீண்டும் முளைக்கும். எங்கே இருந்தது என்று தெரியாமல் போனால் எதை வெட்டுவது? அதனால்தான் கீமோ தொடங்குவதற்கு முன்பே நல்ல எம்.ஆர்.ஐ. படம் எடுத்து வைக்க வேண்டும் என்றும், அறுவைக்கு ஏற்ற அளவு கட்டி சுருங்கியதுமே அறுவைக்குச் சென்றுவிட வேண்டும் என்றும் சொல்கிறோம். முழுவதும் கரையும்வரை காத்திருப்பது நோக்கமன்று.

இன்னொரு காரணமும் உண்டு. நீண்ட கீமோ கல்லீரலையே கெடுக்கும். ஆக்சாலிப்ளாட்டின் என்ற கீமோ மருந்து கல்லீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களைப் பாதிக்கிறது. இரினோடெக்கான் என்ற மற்றொன்று கொழுப்பு படிந்த அழற்சியை ஏற்படுத்தலாம். கல்லீரல் வெட்டிய பிறகு வளரும் உறுப்பு. நலமான கல்லீரலில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சினாலே போதும். கீமோவால் களைத்த கல்லீரலுக்கு மூன்றில் ஒரு பங்கு அளவாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சும் பகுதி சிறியது என்றால், வெட்டப்போகும் பக்கத்தின் போர்ட்டல் சிரையை முன்கூட்டியே அடைத்து, மறுபக்கத்தைச் சில வாரங்களில் வளரவைத்துப் பிறகு வெட்டும் முறையும் இருக்கிறது. பெவசிசுமாப் தந்திருந்தால் காயம் ஆறுவதற்காக ஆறு வாரம் அளவுக்கு இடைவெளி விட வேண்டும்.

எல்லாப் புள்ளிகளையும் வெட்டித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. 3 சென்டிமீட்டர் அல்லது அதற்குக் குறைவான கட்டிகளை ஊசி வழியே வெப்பத்தால் சுட்டு அழிக்கும் அப்ளேஷன் முறை, வெட்டி எடுப்பதற்குக் குறைந்தது அன்று என்று ‘கொலிஷன்’ ஆய்வு காட்டியுள்ளது. ஆழத்தில் உள்ள சிறு கட்டியைச் சுட்டுவிட்டு ஓரத்தில் உள்ளதை வெட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கல்லீரலைத் தவிர வேறெங்கும் நோய் இல்லாத, ஆனால் எந்த வகையிலும் வெட்ட முடியாத சிலருக்குக் கல்லீரல் மாற்று அறுவையும் செய்யப்படுகிறது. நார்வேயில் 2006-இல் தொடங்கிய இந்த முயற்சி, 2024-இல் வெளியான ‘டிரான்ஸ்மெட்’ ஆய்வுக்குப் பிறகு வலுப்பெற்றிருக்கிறது. அதில் ஐந்தாண்டு வாழ்ந்தவர்கள் மாற்று அறுவைக்கென ஒதுக்கப்பட்ட குழுவில் நூற்றுக்கு 57 பேர், கீமோ மட்டும் பெற்ற குழுவில் 13 பேர். ஆனால் அது மிகக் கண்டிப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலரைப் பற்றிய கணக்கு என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

வயிற்று உறையில் பரவியவர்களுக்குக் கட்டிகளை அகற்றிய பின் வெந்நிலையில் கீமோ மருந்தை வயிற்றுக்குள் ஊற்றும் சிகிச்சையைப் பற்றி இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். பிரான்சில் நடந்த ‘பிராடிஜ் 7’ ஆய்வில் நோயாளிகளுக்கு நன்மை செய்தது கட்டிகளை முழுமையாக அகற்றிய அறுவைதான். ஆக்சாலிப்ளாட்டினை வெப்பமாக ஊற்றியது அதற்கு மேல் ஆயுளைக் கூட்டவில்லை.

கேள்வி: என் மனைவிக்கு ஆக்சாலிப்ளாட்டின் சேர்ந்த கீமோ தருகிறார்கள். குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் மின்சாரம் பாய்ந்ததைப் போல இருக்கிறது என்கிறாள். ஏழாவது சுற்றுக்குப் பிறகு சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. மருத்துவரிடம் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார், நோய் வளர்ந்துவிடும் என்று சொல்லாமல் இருக்கிறாள்.

பதில்: இன்றைக்கே சொல்லச் சொல்லுங்கள். குளிர் பட்டால் சுரீர் என்பது சில நாளில் மறைந்துவிடும். அதற்காக மருந்தை நிறுத்துவதில்லை. பொத்தான் போட முடியாமல் போவது வேறு வகை. அது மருந்து உடம்பில் சேரச் சேர நரம்பு நுனிகள் கெடுவதன் அடையாளம். மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று மாதம் கூடிவிட்டுத்தான் குறையத் தொடங்கும், சிலருக்கு நிரந்தரமாகவும் தங்கிவிடும். ஆக்சாலிப்ளாட்டினை மட்டும் சில மாதங்களில் நிறுத்திவிட்டு 5-ஃப்ளூரோயூராசிலையோ கேப்சைட்டபினையோ, பெவசிசுமாப் உள்ளவர்களுக்கு அதையும் சேர்த்து, தொடர்ந்து தந்தால் நோய் கட்டுப்பாட்டில் பெரிய இழப்பு இல்லை என்பது நிறுவப்பட்டது. பின்னால் தேவைப்பட்டால் அதை மீண்டும் தொடங்கவும் முடியும். ஆகவே நிறுத்துவதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம்.

மறைக்கக் கூடாதவை இன்னும் சில உண்டு. கீமோ நாட்களில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் (100.4 டிகிரி ஃபாரன்ஹீட்) தொட்டால், இரவாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், வெள்ளணுக்கள் குறைந்த நேரத்தில் தொற்று சில மணி நேரத்திலேயே முற்றிவிடும். இரினோடெக்கான் பெறுபவருக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியதுமே மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையைத் தொடங்க வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று விடக் கூடாது. கேப்சைட்டபின் சாப்பிடுபவர் வார்ஃபரின் என்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்தையும் எடுத்துக்கொண்டிருந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஏற்படலாம்.

கேள்வி: கீமோ இல்லாமல் நோயெதிர்ப்பு ஊசியாலேயே மலக்குடல் கட்டி முழுவதும் மறைந்ததாகப் படித்தேன். எங்களுக்கு ஏன் அதைத் தருவதில்லை?

பதில்: தாங்கள் படித்தது பெரும்பாலும் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையிலிருந்து 2022-இல் வெளியான முடிவாக இருக்கும். டோஸ்டார்லிமாப் என்ற மருந்தை ஆறு மாதம் பெற்ற முதல் 12 பேருக்கும் கட்டி மறைந்தது, செய்தி உண்மைதான். ஆனால் அவர்கள் அனைவருக்கும் வேறு உறுப்புகளுக்குப் பரவாத நோய். அதோடு அனைவரின் கட்டியிலும் எம்.எம்.ஆர். புரதக் குறைபாடு இருந்தது. செல் பிரியும்போது மரபணுவில் நேரும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் இந்தப் புரதங்கள் இல்லாத கட்டியில் ஆயிரக்கணக்கான பிழைகள் குவிந்துவிடும். அதனால் உடலின் எதிர்ப்புச் செல்கள் அதை அந்நியமாக இனங்காண்கின்றன. பரவிய நிலையில் இந்தக் குறைபாடு உள்ளவர்கள் நூற்றுக்கு நான்கைந்து பேர்தான். அவர்களுக்கு நோயெதிர்ப்பு சிகிச்சையே முதல் சிகிச்சை. கீமோவில் நோய் கட்டுக்குள் இருந்த காலத்தின் இடைநிலை 8.2 மாதம் என்றால் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தில் 16.5 மாதம், அதே வகையைச் சேர்ந்த நிவோலுமாப், இப்பிலிமுமாப் இரண்டையும் சேர்த்துத் தந்தபோது பலன் இன்னும் மிகுந்தது. அந்தச் சிலரில் பலருக்கு நோய் ஆண்டுக்கணக்கில் திரும்புவதில்லை. மற்ற தொண்ணூற்றைந்து பேருக்கு இதே மருந்தைத் தந்தால் பெரும்பாலும் பயன் இல்லை. குடல், தைராய்டு, நுரையீரல் ஆகியவற்றை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கும் தொல்லை மட்டும் மிஞ்சலாம். பயாப்சி அறிக்கையில் எம்.எம்.ஆர். அல்லது எம்.எஸ்.ஐ. (அதே குறைபாட்டை வேறு வழியில் காட்டும் பரிசோதனை) என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதே திசுவில் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டு வகைக் கீமோவும் கேட்காமல் போய்விட்டன. மூன்றாவதாக மாத்திரை தரலாம் என்கிறார்கள். அண்ணனுக்குத் தன் நிலை முழுவதும் தெரியாது. சொல்லலாமா?

பதில்: மூன்றாவது கட்டத்தில் டிரைஃப்ளூரிடின்–டிபிராசில் மாத்திரையைப் பெவசிசுமாபோடு சேர்த்துத் தருவது இப்போது முதல் தேர்வு. 2023-இல் வெளியான ‘சன்லைட்’ ஆய்வில் மாத்திரை மட்டும் பெற்றவர்களின் ஆயுளின் இடைநிலை 7.5 மாதம், பெவசிசுமாபும் பெற்றவர்களுக்கு 10.8 மாதம். ரெகோராஃபெனிப், ஃப்ரூகுவின்டினிப் ஆகிய வேறு மருந்துகளும் உண்டு. கே-ராஸில் ஜி12சி என்ற அரிய மாற்றம் இருந்தால் அதற்கென மாத்திரைகள் வந்துள்ளன. பழைய அறிக்கையை எடுத்துப் பாருங்கள். இவை நோயை ஒழிக்கும் மருந்துகள் அல்ல. சில மாதங்களைக் கூட்டுபவை. அந்த மாதங்களில் ஒரு பகுதியைக் களைப்பாலும் மருத்துவமனைக்கு நடப்பதாலும் எடுத்துக்கொள்பவை. படுக்கையைவிட்டு எழ முடியாதவருக்கு இவற்றைத் தருவதை நான் பரிந்துரைப்பதில்லை. வலியும் அடைப்பும் குமட்டலும் தீர வழி செய்யும் ஆதரவுச் சிகிச்சை மருத்துவரை, மருந்து எல்லாம் தீர்ந்த பிறகு தேடாமல், இப்போதே பாருங்கள்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டியவர் தங்கள் அண்ணன்தான். நிலைமை தெரியாமல் அவரால் அதைப் போட முடியாது. முதலில் ‘உங்களுக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம்?’ என்று மருத்துவர் முன்னிலையில் அவரையே கேளுங்கள். பெரும்பாலோர் பாதிக்கு மேல் தாமே ஊகித்து வைத்திருப்பார்கள். வேண்டாம் என்று அவரே சொன்னால் வற்புறுத்தத் தேவையில்லை.

கேள்வி: அம்மாவுக்கு 48 வயதில் இந்த நோய் வந்திருக்கிறது. நாங்கள் இரண்டு பிள்ளைகள். எங்களுக்கும் பரிசோதனை தேவையா?

பதில்: தேவை. பெற்றோரிலோ உடன்பிறந்தவரிலோ ஒருவருக்கு வந்திருந்தால், 40 வயதிலோ, அவருக்கு நோய் வந்த வயதுக்குப் பத்தாண்டு முன்னதாகவோ, எது முதலில் வருகிறதோ அப்போது கொலோனாஸ்கோபி செய்ய வேண்டும். தங்கள் விஷயத்தில் அது 38 வயது. அம்மாவின் கட்டியில் எம்.எம்.ஆர். குறைபாடு இருந்தால் லிஞ்ச் என்ற பரம்பரை நோய்க்கூறு இருக்கிறதா என்று அவருடைய ரத்தத்தில் பார்க்க வேண்டும். அது இருப்பது உறுதியானால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. வந்தவர்களுக்குக் கொலோனாஸ்கோபி, எந்த மரபணு என்பதைப் பொறுத்து 25 வயதிலோ 35 வயதிலோ தொடங்கி, ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும். பெண்களுக்குக் கருப்பை, சினைப்பை ஆகியவற்றிலும் கவனம் வேண்டும். அம்மாவின் மரபணு அறிக்கையின் நகலை ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மரபணுவில் எந்த இடத்தில் மாற்றம் என்று தெரிந்தால், தங்களுக்கு அந்த ஓரிடத்தை மட்டும் சோதித்து ஆம், இல்லை என்று சொல்லிவிடலாம். தெரியாவிட்டால் எல்லாவற்றையும் தேட வேண்டியிருக்கும், முடிவும் ஐயத்துக்கு இடமாகவே நின்றுவிடலாம்.